வரிசையாக 120/80
எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் பகுதி சுகாதார செவிலியர் மேற்பார்வைக்கு வந்திருந்தார். தாய் சேய் பதிவேட்டைப் புரட்டினார். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் வரிசையாக 120/80. அதெப்படி? ரத்த அழுத்தக் கருவியை வாங்கிப் பார்த்தால் கைப்பட்டையில் காற்று கசிகிறது. தன்னிடமிருந்த கருவியால் எல்லோருக்கும் மறுபடி பார்த்தார். ஏழாம் மாதக்காரி ஒருத்திக்கு 150/100, காலில் வீக்கம் வேறு. உடனே 108-ஐ வரவழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

தமிழ்நாட்டில் பிரசவத்தில் தாய் இறந்தால் விசாரணை மாவட்ட ஆட்சியர் வரை போகும். அது அவசியம்தான். ஆனால் உயிர் போவதற்கு முன்னால் வந்து பார்ப்பவர் இந்தப் பகுதி சுகாதார செவிலியர்தான். கிராம செவிலியருக்கும் அவர்தான் துணை; அன்றே புதுக் கருவிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தயவுசெய்து இந்தப் பணியிடங்களைக் காலியாகப் போடாதீர்கள்.