அறிமுகமில்லாத முகத்தின் முன் கேமராவோடு நிற்பது

பயணம் முடித்துத் திரும்பியவரின் மெமரி கார்டைப் புரட்டினாலே அவருக்குள் பயம் இருந்ததா என்று தெரிந்துவிடும். முதுகுகள் நிறைய இருக்கும். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று தொலைவை அருகே இழுக்கும் 200 எம்எம் லென்ஸில் பிடித்த முகங்கள் இருக்கும். அவற்றில் பாதி எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், மீதி சந்தேகத்தோடு முறைக்கும். ஒன்றரை மீட்டர் தூரத்தில், சம்மதம் கேட்டு, கண்ணுக்குக் கண் பார்த்து எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. ஒரு முகம் நம்மை இழுப்பதற்கும் அவரிடம் போய் வாய் திறப்பதற்கும் நடுவில் இருக்கும் சில நொடிகளில்தான் எல்லாம் நழுவிப் போகிறது.

அந்த நொடிகளில் முடிவெடுக்க வேண்டியது எவ்வளவு அதிகமோ, பயமும் அவ்வளவு அதிகம். எந்த லென்ஸ், என்ன செட்டிங், எங்கே நிற்கச் சொல்வது, என்ன சொல்லிக் கேட்பது? இந்த நான்கையும் அறையை விட்டுக் கிளம்புமுன்பே தீர்த்துவிட்டால், தெருவில் மிச்சம் இருப்பது கேட்பது ஒன்றுதான்.

லென்ஸ் விஷயம் சுருக்கமானது. ஃபுல் ஃப்ரேம் எனப்படும் பெரிய சென்சார் கேமராவில் முகத்துக்கு ஒரு 85 எம்எம், சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் காட்டும் அகலமான ஒரு 35 எம்எம் போதும். சின்ன சென்சார் கேமரா என்றால் 85-க்குப் பதில் 50, 35-க்குப் பதில் 23 அல்லது 24. ஒரு நாளைக்கு ஒரே லென்ஸை மாட்டிக்கொண்டு போவது நல்லது. ஆள் எதிரே நிற்கும்போது பையைத் திறந்து துழாவினால், கிடைத்த சம்மதமும் ஆறிவிடும். அகல லென்ஸில் மூக்கு பெரிதாகி முகம் கோணுவது நெருங்கிப் போவதால்தான். 35 எம்எம்மில் ஒன்றரை மீட்டருக்குள் போகாமல், அவர் வேலை செய்யும் இடத்தையும் சேர்த்து எடுத்தால் அந்தக் கோணல் வராது.

செட்டிங்கில் ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை: பயத்தில் கை நடுங்கும். எனவே ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/250 நொடியை விட நீளவிடாதீர்கள். கை வேலையாக இருப்பவர் என்றால் 1/500. ஆட்டோ ஐஎஸ்ஓவின், அதாவது கேமரா தானாகக் கூட்டிக்கொள்ளும் ஒளி உணர்திறனின், உச்ச வரம்பை 6400-இல் வையுங்கள். கொஞ்சம் புள்ளி தட்டிய படத்தைச் சரிசெய்யலாம், அசைந்துபோன கண்ணை ஒன்றும் செய்ய முடியாது. அபர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, அகலமாக வைக்க ஆசை வேண்டாம்; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. 85 எம்எம்மில் எஃப் 1.8 வைத்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்தான். அவர் மூச்சு விட்டாலே ஃபோகஸ் கண்ணிலிருந்து காதுக்குப் போய்விடும். எஃப் 4-இல் அது 7 சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும். கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் இருந்தால் முதலிலேயே போட்டுவையுங்கள். கருத்த மேனி உடையவர் வெளிர் சுவர் முன் நின்றால் கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு) கூட்டுங்கள். பின்னணி இருட்டு என்றால் அதே கேமரா முகத்தை வெளிறடிக்கும். முக்கால் ஸ்டாப் போலக் குறையுங்கள்.

இனி முக்கியமான வேலை. ஆளைத் தேடுமுன் வெளிச்சத்தைத் தேடுங்கள். புது ஊரில் முதல் அரை நாளைக் கேமராவைத் தூக்காமல் நடப்பதற்கே ஒதுக்கலாம். உங்கள் உள்ளங்கையை முகத்துக்கு நேரே நீட்டி மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். விரல்களின் நிழல் எந்தப் பக்கம் மென்மையாக விழுகிறதோ, அங்கேதான் முகத்துக்கும் நல்ல வெளிச்சம். வாசற்படிக்கு ஒரு மீட்டர் உள்ளே, ஆள் வெளியே பார்த்து நிற்கும் இடம் அநேகமாக எல்லா ஊரிலும் கிடைக்கும் அருமையான ஸ்டுடியோ. கண்ணில் வானத்தின் வெள்ளைப் புள்ளி விழும், பின்னால் தானாகவே இருட்டு. உச்சி வெயிலில் கண்குழி கறுத்துவிடும். நிழல் கிடைக்காவிட்டால் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள், எதிரே வெள்ளைச் சுவர் இருந்தால் அதுவே வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி அனுப்பும். மரநிழல் ஏமாற்றும்: முகத்தில் திட்டுத்திட்டாக வெயில் விழும், தோலில் பச்சை ஏறும். வண்ணச் சுவருக்குப் பக்கத்திலும் இதே தொல்லை.

இப்படி மூன்று நான்கு இடங்களைக் குறித்துவைத்த பிறகு பயத்தின் கனம் குறைவது நன்றாகவே தெரியும். "இங்கே யாராவது வந்தால் நன்றாக இருக்குமே" என்ற ஆசை வந்துவிடும். ஆசை வந்தவருக்குக் கேட்பது எளிது.

கேட்கும் முறைக்கு வருவோம். கேமராவை மறைக்கக் கூடாது, தூக்கவும் கூடாது. இடுப்புக்குப் பக்கத்தில், அவர் கண்ணில் படும்படி தொங்கட்டும். பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ போகாமல், நேர் எதிரே மூன்றடி தள்ளி நில்லுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அந்த ஊர் மொழியில் வணக்கம், "உங்களைப் படம் எடுக்கலாமா?", நன்றி, "பரவாயில்லை" என்ற நான்கையும் எழுத்துக்கூட்டியாவது மனப்பாடம் செய்திருக்க வேண்டும். எதற்காக அவரை எடுக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு குறிப்பான காரணம் சொன்னால் பாதி வேலை முடிந்தது. "அழகாக இருக்கிறீர்கள்" என்பது யாருக்கும் கூச்சம் தரும். "நீங்கள் இந்த மரத்தை இழைக்கும் விதம் பிடித்திருக்கிறது" என்றால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். கேட்டுவிட்டு இரண்டு நொடி பேசாமல் இருங்கள். பதற்றத்தில் மேலும் மேலும் பேசுவதுதான் அதிகம் நடக்கும் தவறு; பேச்சு நீள நீள எதிராளிக்குச் சந்தேகம் கூடும்.

தொடக்கத்தில் கைவேலை செய்பவர்களிடம் போங்கள். தச்சர், தையற்காரர், செருப்புத் தைப்பவர், வலை பின்னுபவர்: இவர்களுக்குக் கையை என்ன செய்வது என்ற குழப்பம் இல்லை. முதலில் கையை எடுக்க அனுமதி கேட்டு, அதைத் திரையில் காட்டி, பிறகு முகத்துக்குக் கேட்கலாம்.

தயக்கம் புதியவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். 1936 மார்ச்சில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே ஒரு மாதப் பணியை முடித்து, மழையில் வீடு நோக்கிக் காரோட்டிக்கொண்டிருந்தார். கலிபோர்னியாவின் நிபோமோ அருகே பட்டாணி பறிப்பவர்களின் முகாமுக்கு வழிகாட்டும் பலகை தெரிந்தது. போதுமான படம் எடுத்தாயிற்று என்று தனக்குத்தானே வாதாடியபடி ஏறக்குறைய 20 மைல் தாண்டிப் போனபின் காரைத் திருப்பினார். குழந்தைகளோடு அமர்ந்திருந்த ஒரு தாயின் புகழ்பெற்ற படம் ('மைக்ரன்ட் மதர்') அப்படிக் கிடைத்ததுதான். கடந்து வந்துவிட்ட ஒருவரிடம் திரும்பி நடப்பதில் வெட்கம் எதுவும் இல்லை; "உங்களைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்" என்பதே நல்ல தொடக்க வாக்கியம். அந்தச் சந்திப்பில் இன்னொரு பாடமும் உண்டு. லாங்கே அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற அந்தப் பெயர் 1978-இல்தான் வெளியே வந்தது. தன்னைப் படமெடுத்ததில் அவருக்கு மனக்குறை இருந்தது. பெயரைக் கேளுங்கள், எழுதிவைத்துக்கொள்ளுங்கள், படம் எங்கே போகும் என்பதையும் சொல்லுங்கள்.

மறுத்தால்? கேமராவை இறக்கி, நன்றி சொல்லி, சிரித்துவிட்டு நகருங்கள். இரண்டாம் முறை கேட்பது தொந்தரவு. தூரம் போய் ஒளிந்து எடுப்பது நம்பிக்கைத் துரோகம், அதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன். குழந்தைகள் என்றால் உடன் இருக்கும் பெரியவரிடம்தான் கேட்க வேண்டும். ராணுவத்தினர், சோதனைச் சாவடி, மருத்துவமனை பக்கம் கேமராவே வேண்டாம்.

சம்மதம் கிடைத்ததும் மூன்று ஃப்ரேம் வேகமாக எடுத்துவிட்டுத் திரையைக் காட்டுங்கள். முதல் படம் எப்போதும் விறைப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துச் சிரித்தபின் வரும் முகம்தான் அவருடையது. "சிரியுங்கள்" என்று சொல்லாதீர்கள். கண்ணை மூடி, மூச்சை வெளியே விட்டு, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்லுங்கள். தோள் தானாக இறங்கும். உடல் எடையைப் பின்னங்காலுக்கு மாற்றச் சொன்னால் நிற்கும் தோரணை இளகும். மூக்குக்கண்ணாடியில் வானம் பளிச்சிட்டால், காதோரக் கம்பியை ஒரு விரல் உயர்த்தி, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அவருக்கும் வேலை இருக்கிறது.

சில நாள் யாரையும் எடுக்கத் தோன்றாது. அப்போது ஊரைக் குறை சொல்வதை விட எல்லையைச் சுருக்குவது உதவும். ஆகஸ்ட் சாண்டர் என்ற புகைப்படக்காரர் ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் கிராமங்களுக்கு சைக்கிளில் போய் விவசாயிகளை எடுத்தார். மனிதர்களைத் தொழில்வாரியாக வகைப்படுத்தும் பெரும்பணியாக அது வளர்ந்தது. மாலியின் பமாகோவில் 1948-இல் ஸ்டுடியோ திறந்த சேய்டூ கெய்தா என்ற புகைப்படக்காரர், தன் படுக்கை விரிப்பையே பின்னணித் துணியாகக் கட்டினார். பின்னாளில் எந்தப் படம் எந்த ஆண்டு என்பதை மாறிய துணியை வைத்தே அவரால் சொல்ல முடிந்தது. நீங்களும் ஒரே தொழில், ஒரே வாசல், அல்லது ஒன்றரைக்கு இரண்டு மீட்டர் கருஞ்சாம்பல் துணியும் இரண்டு கிளிப்பும் என்று ஒரு நாளைக் கட்டிப்போடலாம். துணி கட்டியதும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும். அதிலிருந்து ஒருவர் தானாகவே "என்னை எடுங்கள்" என்பார். அன்றைக்குக் கேட்கும் வேலைகூட மிச்சம்.

படத்தைக் கொடுப்பது கடைசி வேலை, அதிகம் விட்டுப்போவதும் அதுதான். உடனடி ஃபிலிம் கேமரா ஒன்றைக் கூடவே வைத்திருந்தால் அங்கேயே ஒரு பிரதி தரலாம். இன்ஸ்டாக்ஸ் மினி என்ற அத்தகைய கேமராவில் படம் 62க்கு 46 மில்லிமீட்டர், முழுதாகத் தெரிய ஏறக்குறைய 90 நொடி. இல்லையென்றால் அவரது தொலைபேசி எண்ணை வாங்கி, அவர் கையாலேயே பெயரை எழுதச் சொல்லி, அந்தக் காகிதத்தையும் அடுத்த ஃப்ரேமில் எடுத்துவிடுங்கள். எந்த முகம் யாருடையது என்ற குழப்பம் பிறகு வராது. அந்த ஊரை விட்டுக் கிளம்புமுன், இரவு அறையிலேயே அனுப்பிவிடுங்கள். அடுத்த ஊருக்குப் போனபின் அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டவை பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை.