ஓடும்போது ஜில்லென்று, நின்றால் அனல்

உசிலம்பட்டியிலிருந்து செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை வரை என் காரில் ஏசி ஜில்லென்று வரும். காளவாசல் தாண்டி நெரிசலில் மாட்டினால் வெறும் காற்றுதான். கண் ஆபரேஷன் முடிந்த அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போய்வந்த சித்திரை மாதம் முழுக்க இதே கதை.

முதலில் போன கடையில் "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று ஏற்றினார்கள். பதினைந்து நாளில் மறுபடி ஏற்றினார்கள். கசிவு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை; குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இரண்டாவது முறைக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம்.

அப்புறம் ஒரு நாள் கோரிப்பாளையம் சிக்னலில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. ஏசியை அணைத்தேன். கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுவதுமாகத் திறந்தேன். அந்த வெயிலில் ஹீட்டர் கொடுமைதான், ஆனால் எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே இழுத்துவிடும். முள் இறங்கத் தொடங்கியதும் ஓரங்கட்டி நிறுத்தினேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவே இல்லை. சூட்டில் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

மறுநாள் நண்பர் சொன்ன மெக்கானிக்கிடம் போனேன். வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடச் சொன்னவர், கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் எதையும் எடுக்காமல் முன்பக்கம் போய்க் குனிந்தார்.

"தம்பி, ஏசி போட்டா ஃபேன் ஓடணும்ல? ஓடுதான்னு பாத்தீகளா?"

ஓடவில்லை. ஒரு வாளித் தண்ணீரை, ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சர் மேல் ஊற்றினார். உள்ளே உடனே குளிர்காற்று! எனக்கு அப்போதுதான் விளங்கியது. ரேடியேட்டருக்கு முன்னால்தான் கன்டென்சர் இருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்காற்றே இரண்டையும் ஆற்றிவிடும். நின்றால் ஃபேன்தான் ஆற்ற வேண்டும். அது ஓடாவிட்டால் கேஸ் அழுத்தம் எகிறி, கேஸை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் கட்டாகும், எஞ்சினும் சூடாகும். இதில் கூடுதலாகக் கேஸ் ஏற்றினால் அழுத்தம் இன்னும் ஏறத்தானே செய்யும்?

ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபேனுக்குக் கரன்ட் விடும் சுவிட்சான ஃபேன் ரிலேயும் ஹார்ன் ரிலேயும் ஒரே ரகம் என்பதால் மாற்றிச் செருகிப் பார்த்தார், பலனில்லை. பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் கொடுத்து, மோட்டாரை ஸ்பேனரால் லேசாகத் தட்டியதும் சுற்றியது. உள்ளே மோட்டாருக்குக் கரன்ட் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்துபோயிருக்கிறது. மோட்டாரை மாற்றினோம். (வீட்டில் பார்ப்பவர்கள் கையை உள்ளே விடாதீர்கள். எஞ்சின் அணைந்திருந்தாலும் சூடாக இருந்தால் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுற்றும்.)

எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே செம்மண் கரைசல் மாதிரித் தண்ணீர். அவசரத்துக்கு நான் போர் தண்ணீர் ஊற்றிவந்ததன் விளைவு. எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து, துருவும் பிடிக்க வைத்துவிடுகிறது. கழுவிவிட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். ஏற்கெனவே இருந்த கேஸை முழுவதும் எடுத்துவிட்டு, பானட்டுக்குள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் போட்டிருந்த கிராம் கணக்குப்படி எடை பார்த்து ஏற்றினார்.

அடுத்த கண் பரிசோதனைக்குப் போனபோது அதே சிக்னலில் வெகுநேரம் நின்றோம். முள் பாதியைத் தாண்டவில்லை. அம்மா பின்சீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.