நாலு வெண்டைச் செடியும் ஒரு டிபன் பாக்ஸும்

எங்க சிட்அவுட் பத்துக்கு ஆறடி, அவ்வளவுதான். மதுரைல முதல் மாடி, வாடகை வீடு, கீழ ஹவுஸ் ஓனர் அக்கா குடியிருக்காங்க. செடி வைக்கட்டுமான்னு கேட்டதுக்கு, "வைப்பா, ஆனா சுவத்துல தண்ணி இறங்குச்சுன்னா அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துரணும்"னுட்டாங்க.

போன சித்திரைல ஆசையா ஆறு குரோ பேக் (செடி வளக்குற பை) வாங்கி முழுக்க செம்மண்ண ரொப்பி தக்காளி நாத்து நட்டேன், பத்தே நாள்ல மண்ணு செங்கல் மாதிரி இறுகிப்போச்சு, ஊத்துற தண்ணி ஓரமா வழிஞ்சு கீழ ஓடுது, நடுவுல வேர் காஞ்சு கெடக்கு. அதையும் மீறி பூத்துச்சு, பூத்ததெல்லாம் கொட்டிருச்சு. உரம் பத்தலன்னு நெனச்சு இன்னும் அள்ளிப்போட்டேன், அது வேற கூத்து. விஷயம் வெயில்தான்: பகல்ல 35 டிகிரிக்கு மேல போயி ராத்திரியும் சூடு தணியலன்னா தக்காளில மகரந்தம் சரியா சேராது, பூ உதிர்ந்துரும். சித்திரைல மதுரை எப்படி இருக்கும்னு சொல்லவா வேணும்.

அடுத்த தடவை கலவைய மாத்தினேன். செம்மண் ஒரு பங்கு, தேங்காநார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இந்த நார்க்கழிவு அஞ்சு கிலோ கட்டியா வரும். தெரியாத்தனமா முழுக்கட்டியையும் குளிக்கிற பக்கெட்ல போட்டு ஊறவச்சுட்டு ஆபீஸ் போயிட்டேன், வந்து பாத்தா பொங்கி பாத்ரூம் பூரா காப்பித்தூள் கொட்டின மாதிரி கெடக்கு. கால்வாசி உடைச்சு ஊறவச்சா போதும்ங்க. ரெண்டு மூணு தடவை அலசி பிழிஞ்சு போடணும், அதுல உப்பு இருக்கும், அலசாம போட்டா நாத்தோட இலை ஓரம் கருகும்.

தண்ணி ஊத்துறதுலதான் எல்லாரும் ஏமாறுவோம். மேல காஞ்ச மாதிரி தெரியும், அடியில சொதசொதன்னு இருக்கும். ஆள்காட்டி விரலை ரெண்டு கணு வரைக்கும் உள்ள விட்டுப் பாருங்க, ஈரம் ஒட்டுச்சுன்னா அன்னைக்கு தண்ணி கெடையாது. பை அடியில ஓட்டை இருக்கான்னும் பாத்துக்கங்க. பைய ரெண்டு செங்கல் மேல தூக்கி வச்சு கீழ பழைய தட்டு ஒண்ணு வச்சேன், அக்கா சுவரும் தப்பிச்சுது.

முதல்தடவை போடுறவங்க கீரையும் வெண்டையும் போடுங்க, தக்காளி, குடமிளகாய் பக்கமே போகாதீங்க. வெந்தயம் சமையல்கட்டு டப்பாவுல இருக்கறதையே தூவலாம், மூணு நாலு வாரத்துல கிள்ளிரலாம். வெயில் மூணு நாலு மணி நேரம் விழுந்தாலே கீரை வந்துரும், காய்க்கற செடிக்குத்தான் அஞ்சாறு மணி நேரம் வேணும்.

வெண்டை விதைய ராத்திரி ஊறவச்சு ஆடியில போட்டேன், 12 இஞ்ச் பைல ரெண்டு செடி வீதம் ரெண்டு பை. நாப்பத்தஞ்சு நாள் கிட்ட மஞ்சப்பூ, நடுவுல அரக்கு நெறம், காலைல விரிஞ்சா சாயங்காலமே சுருங்கிரும். ஆனா நாலு செடிக்கு ஒரு நாள்ல மூணு காய்தான் தேறுது, மூணு காயை வச்சு என்ன பொரியல் பண்ண? டிபன் பாக்ஸ்ல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு, ரெண்டு நாள் கழிச்சு நாலு, அப்புறம் மூணுன்னு சேத்துத்தான் ஒரு சாம்பார். செடியிலயே விட்டுவச்சு ஒண்ணா பறிக்கலாம்னா நாலாம் நாளு நுனி ஒடியாது, நார் அடிச்சிருக்கும். அதனால இந்த ஆடிக்கு எட்டுச் செடி.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், செடில எறும்பு வரிசையா ஏறுச்சுன்னா இலையைத் திருப்பிப் பாருங்க, அசுவினியோ மாவுப்பூச்சியோ ஒட்டியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலமா அடிங்க. உச்சி வெயில்ல அடிச்சு நான் ஒரு செடிய கருக்கிட்டேன்.