முடிந்த கோப்பும் ஒழிந்த கோப்பும்

"அந்த அலமாரி முழுக்க டிஸ்போசல்தானே சார், அதான் ஸ்கேன் பண்ணாம விட்டுட்டோம்."

மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் இதைச் சொன்னபோது எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. வருவாய்த் துறை அலுவலகம் ஒன்றில் பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலை, மேற்பார்வை என்னுடையது. பத்து நாள் ஓடியிருந்தது. பதிவறை எழுத்தர்தான் சட்டென்று பிடித்துக்கொண்டார். "தம்பி, டிஸ்போஸ் ஆயிடுச்சுன்னா தூக்கிப் போட்டாச்சுன்னா அர்த்தம்? முடிச்சாச்சுன்னு அர்த்தம்."

இளைஞரைக் குறை சொல்ல முடியாது. ஆவண மேலாண்மை படித்தவருக்கு டிஸ்போசல் என்பது கடைசிக் கட்டம்: ஒன்று அழிப்பது, இல்லையென்றால் காப்பகத்துக்கு அனுப்புவது. நம் மாவட்ட அலுவலக நடைமுறையில் கதையே வேறு. இறுதி ஆணை போய்விட்டால் கோப்பு டிஸ்போசல். அதன்பிறகுதான் அது பதிவறைக்கே வரும். எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பொறுத்து முடிந்த கோப்புக்கு வகை உண்டு ('டிஸ்.' என்பது டிஸ்போசலின் சுருக்கம்): எல்.டிஸ். ஓராண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, டி.டிஸ். பத்தாண்டு, ஆர்.டிஸ். நிரந்தரம். அவர் விட்டுவைத்த அலமாரியில் பெரும்பாலும் ஆர்.டிஸ்., அதாவது நில ஒப்படை, நில எடுப்புக் கோப்புகள். முதல் நாளே ஸ்கேன் ஆகியிருக்க வேண்டியவை.

இனி இப்படிக் குழம்பக் கூடாது என்று, மென்பொருளுக்கான சொற்பட்டியல் போட அன்று மாலையே உட்கார்ந்தோம். தமிழ் வளர்ச்சித் துறையின் ஆட்சிச்சொல் அகராதி கையில் இருந்ததால் தமிழ்ச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 'ஆவணம்' என்ற ஒரே சொல்லில் அரை நாள் போய்விட்டது. பதிவுத் துறையில் இருந்து வந்தவருக்கு ஆவணம் என்றால் கிரயப் பத்திரம். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழகியவருக்குக் கம்பெனி காலத்துக் காகிதம். கணினிக்காரருக்கு நேற்று அடித்த கடிதமும் ஆவணம்தான். கடைசியில், கையில் இருப்பது கோப்பா, பதிவேடா, கட்டா என்று தெரிந்தால் அந்தச் சொல்லையே போடுவது, ஆவணத்தைத் தலைப்பில் மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. கோப்பிலும் கடிதங்கள் இருக்கும் நடப்புக் கோப்பு வேறு, அலுவலகக் குறிப்புகள் எழுதும் குறிப்புக் கோப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக ஸ்கேன் செய்து, பக்க எண் குழம்பி, மறுபடி பிரித்த கட்டுகளும் உண்டு.

'அசல், நகல்' வேண்டாம், 'மூலம், படி' என்று போடலாம் என்றார் ஒருவர். திருவெண்ணெய்நல்லூர் வழக்கில் சுந்தரர் கிழித்துப் போட்டது அடிமை ஓலையின் படிதான், மூல ஓலை கிழவராக வந்த சிவனிடம் பத்திரமாக இருந்தது என்று கதையும் சொன்னார். எனக்குக் கதை பிடித்தது. ஆனால் கவுன்ட்டரில் நிற்பவர் 'நகல் வேணும்' என்றுதான் கேட்பார். நகலையே வைத்துக்கொண்டோம்.

வேடிக்கை, அலுவலகக் கடிதத்தின் தலையில் போடும் ந.க. எண்ணில்தான். தினமும் நூறு முறை எழுதுகிற எழுத்துகள். விரித்துச் சொல்லுங்கள் என்றேன். நடப்புக் கணக்கு என்றார் ஒருவர், நடப்புக் கடிதம் என்றார் இன்னொருவர். நடப்புக் கட்டு என்றும் ஒரு குரல் வந்தது. இருபது வருடம் சர்வீஸ் போட்ட கண்காணிப்பாளர் 'ந.க.ன்னா ந.க.தான்' என்று எழுந்து போய்விட்டார். பட்டியலில் அதை விரிக்காமலே விட்டோம்.

அப்புறம் ஆண்டு. திரையில் ஆண்டுக்கான கட்டத்தில் 1425 என்று அடித்ததும் மென்பொருள் பிழை காட்டியது. அது பசலி, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு; 2015 ஜூலை முதல் 2016 ஜூன் வரை. கிராமக் கணக்குகள் எல்லாம் பசலிப்படிதான் கட்டப்பட்டிருக்கும். ஒரே கட்டத்தில் பசலியையும் ஆங்கில ஆண்டையும் அடித்தால் எந்த வருடத்தில் எந்தக் கட்டுக்குக் கெடு முடிகிறது என்றே தெரியாது. பசலிக்குத் தனிக் கட்டம் வாங்குவதற்குள் மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது.

டிஸ்போசல் என்ற தலைப்பு 'முடிவு வகை' ஆனது. 'அழிப்பு' தனிக் கட்டம், அனுமதி ஆணை எண் போடாமல் திறக்காது. திரையில் ஓ.மு., மூ.மு., ப.மு. (ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு) என்றுதான் வரும். பதிவறை எழுத்தர் வாயில் இன்றும் எல்.டிஸ்.தான். அதை மாற்ற நான் முயலவில்லை.

சில மாதம் கழித்து அந்த இளைஞர் வேறொரு ஊரிலிருந்து கூப்பிட்டார். "சார், இங்க ஒரு கட்டுல லாட்ஜ்டுன்னு எழுதியிருக்கு. இதுவும் முடிஞ்சதுதானே, இல்ல எங்கேயாவது தங்கியிருக்கா?"

போனை அங்கிருக்கும் பதிவறை எழுத்தரிடம் கொடுக்கச் சொன்னேன்.