மருமகன் கேட்ட கையெழுத்து

மே 10, 2025, சனி

தங்கச்சியின் மூத்தவன் ஆமியில் சேரப் போகிறானாம். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வந்து நிற்கிறான். இருபது வயது. ஏ.எல். இரண்டு தரம் எழுதியும் கம்பஸுக்குப் புள்ளி காணவில்லை. நற்சான்றுக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அதில் ஒன்று என்னுடையது. "மாமா, மில் முத்திரையையும் குத்தினா இன்னும் நல்லம்" என்கிறான். நெல் மில்லில் கணக்கு எழுதுகிறவனின் முத்திரைக்கு இவ்வளவு பெறுமதி இருப்பது எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு பார்ப்போம் என்று சொல்லி விண்ணப்பத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.

இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையை நிறுத்திவிட்டதாகப் பின்னேரச் செய்தி. மூட்டை தூக்கும் பொடியன்கள் இந்தக் கிழமை முழுக்க கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல "எத்தனை பிளேன் விழுந்ததாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டுச் சானல்களில் கோட் போட்டவர்கள் மேசையில் தட்டித் தட்டிப் பேசினார்கள். அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டா: "எல்லையில இரிக்கிற சனம் எங்க போய்ப் படுத்ததாம்?" அதை எந்தச் சானலும் சொல்லவில்லை.

மே 12, திங்கள்

வெசாக். முகாம் வாசலில் ஆமிக்காரர் தன்சல், அதாவது வெசாக் அன்னதானம், போட்டிருந்தார்கள். மருமகன் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வயிறு நிறைய நியாயங்களோடு திரும்பி வந்தான்.

"மாமா, இந்த நாட்டு ஆமிக்கு முதல் தளபதியா வந்த இலங்கையர் ஆர் தெரியுமா? ஒரு தமிழர்."

தெரியும். அன்டன் முத்துக்குமாரு. 1955 முதல் 1959 வரை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். யூடியூப்பில் பார்த்திருக்கிறான்.

"நாங்க போகாம விட்டதாலதான் அது அவங்கட ஆமி ஆச்சு. நாங்க போனா எங்கடயும் ஆகும்."

நாங்கள் போகாமல் விட்டோமா, போக முடியாமல் போனதா என்று கேட்டேன். அதற்குள் அவன் சம்பளத்துக்கு வந்துவிட்டான். இருபத்திரண்டு வருடம் செய்தால் பென்ஷன். ஐ.நா. அமைதிப்படையில் இடம் கிடைத்தால் டொலரில் காசு. ஐ.நா. என்றதும் எனக்கு ஹெய்ட்டி நினைவுக்கு வந்தது. 2007இல் அங்கே அமைதி காக்கப் போன இலங்கைப் படையினரில் நூறு பேருக்கு மேல் பாலியல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சொன்னேன். "அது செஞ்சவங்கட பிழை, நான் செய்ய மாட்டன்" என்றான். நல்ல பதில்தான். எல்லாரும் போகும்போது அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்பது என் வாய் வரைக்கும் வந்தது, விட்டுவிட்டேன்.

மே 18, ஞாயிறு

காலையில் கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகன் வீடியோவில் வந்தான். செய்தி அங்கே எப்படிப் போனதோ. "எங்கட பொடியன் சிங்கள ஆமியிலயா? அதுவும் இந்த நாளில கதைக்கிற கதையா?" என்று தொண்டை கட்டுமளவுக்குக் கத்தினான். அவனுடைய மகன் கனடா இராணுவத்தின் கடெற் சீருடையில் நிற்கும் படம் போன மாதம்தான் குடும்பக் குழுவில் வந்தது, எல்லாரும் கைதட்டினோம். ஞாபகப்படுத்தினேன். "அது வேற, இது வேற" என்றான். வேறுதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் எது வேறு என்று அவனும் சொல்லவில்லை, தொடர்பு அறுந்துவிட்டது.

2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் செத்த சனங்களின் நினைவுநாள் இது. மத்தியானம் அந்த நினைவுக் கஞ்சி. பின்னேரம் அம்மா பெரியண்ணனுக்கு விளக்கு வைத்தா. அவன் முள்ளிவாய்க்காலில் போனவன் இல்லை. ஆனால் அவன் போன தேதி எங்களுக்குத் தெரியாது, அதனால் இந்த நாளையே அவனுக்கும் வைத்துக்கொண்டோம்.

இதை இங்கே விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இப்போதைய பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. 1989. இந்திய அமைதிப்படை இருந்த காலம், வடக்கு கிழக்கு மாகாண அரசும் இருந்தது. தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒரு படையைக் கட்ட ஆள் தேவைப்பட்டது. ஆள் வரவில்லை, ஆகவே பிடித்தார்கள். தெருவில், பஸ்ஸில், ரியூசன் வாசலில். அண்ணனுக்குப் பதினேழு. சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சில கிழமைப் பயிற்சி, கையில் ஒரு துவக்கு. 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசிக் கப்பலும் போனது. பிடித்தவர்களில் பெரிய ஆட்களும் கடல் தாண்டினார்கள். பிடிபட்ட பிள்ளைகள் புலிகளுக்கு முன்னால் துரோகிகளாக நின்றார்கள். ஒருநாளும் விரும்பாத ஒரு படையின் துரோகிகள்.

இலங்கையில் சட்டப்படி கட்டாய இராணுவ சேவை நடைமுறையில் இருந்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேர் அதைச் செய்திருக்கிறார்கள். மற்றவர் மச்சான், மருமகனின் தகப்பன்.

மே 23, வெள்ளி

வாத்தியார் வந்திருந்தார். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர், மருமகனுக்கும் படிப்பித்தவர். அவருடைய கட்சி: போர் அறம் தவறாமல் நடந்தால் போர்வீரன் தொழிலும் அறமே. சங்க காலத்தில் அப்படித்தான் இருந்ததாம். புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டை எடுத்தார். முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுமுன் அறிவிக்கிறான்: பசுக்களே, பார்ப்பனரே, பெண்களே, நோயாளிகளே, பிள்ளைப் பேறு இல்லாதவர்களே, அரண் தேடிப் போய்விடுங்கள்.

நானும் அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கியவன்தான். இன்றைக்குக் கேட்டபோது வேறொன்று பட்டது. "சேர், அந்தப் பட்டியல்ல வயல்காரன் இல்லையே?" நெல் விளைந்து நிற்கும்போது படை வந்தால் அவன் எங்கே போவான்? பதினேழு வயதுப் பொடியனும் பட்டியலில் இல்லை. அவன் அம்புக்குரியவன் என்று அந்த அறமே ஒதுக்கி வைத்துவிட்டது.

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "ஆனா அறிவித்தல் கொடுத்தானே, இப்ப அதுவுமில்லையே" என்றார். அது நியாயம். அதை ஒத்துக்கொண்டேன்.

பிறகு அவர் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டுக்குப் போனார். தமையனும் கணவனும் போரில் பட்டபின், மிச்சமிருக்கும் ஒரே மகனுக்குக் குடுமியில் எண்ணெய் தடவி, வெள்ளை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்பும் தாய். குரல் தழுதழுக்கச் சொன்னார், நன்றாகவே சொன்னார். அடுப்படி வாசலில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தா.

"எண்ணெய் வச்சது சரி. சோறு குடுத்தாளா?"

வாத்தியாருக்குப் பதில் வரவில்லை. பாட்டில் சோறு இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

அம்பாறை உகணைப் பக்கமிருந்து நெல் ஏற்றி வரும் சிங்கள லொறிக்காரர் நேற்று மில்லில் தங்கினார். நான் அவரை அய்யே (அண்ணன்) என்பேன், அவர் என்னை மல்லி (தம்பி) என்பார். அவரும் முன்பு ஆமியில் இருந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் சேர்ந்து, சில வருடங்களில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஓடிவந்தவர். அப்படி ஓடி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அரசாங்கம் அடிக்கடி பொதுமன்னிப்பு அறிவிக்கும், அப்படியொன்றில்தான் இவரும் சட்டப்படி விலகினார்.

மனச்சாட்சி உறுத்தி வந்திருப்பார் என்று நினைத்து மருமகன் முன்னிலையில் கேட்டேன். சிரித்தார். "மனச்சாட்சி இல்ல மல்லி. அறுவடைக்கு லீவு கேட்டது, குடுக்க இல்ல. அப்பா தனிய. நான் வந்தது. நெல்லு வெட்டினது. பிறகு போக மனசு வர இல்ல."

அப்படியும் ஒருவன் போரை மறுக்கலாம். தென்கொரியாவில் மனச்சாட்சியின் பேரில் மறுக்கிறவர்களுக்கு மாற்று வழி வேண்டுமென்று 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. இப்போது அங்கே சிறைச்சாலையில் 36 மாதம் வேலை செய்தால் போதும். அதற்கு முன்னால் மறுத்தவர்களைக் கைதிகளாகவே உள்ளே போட்டார்கள். ஆனால் அங்கேயும் மனச்சாட்சியை நிரூபித்துக் காட்ட வேண்டும். வயல் விளைந்துவிட்டது என்று சொன்னால் எந்த நீதிமன்றம் ஏற்கும்?

மருமகன் அவரிடம் கேட்டான்: "சண்டை இல்லாத காலத்துல சேர்ந்தா என்ன பிழை?" அய்யே சொன்னது: "சேர்றது நீ. சண்டை எப்ப எண்டு சொல்றது வேற ஆள்."

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். காத்தான்குடி நண்பர் வீட்டில் சாப்பாடு. 1990 ஓகஸ்ட் 3ஆம் தேதி இரவு, பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூறு பேருக்கு மேல் சுடப்பட்ட ஊர் அது. சுட்டவர்கள் தமிழர்கள். நண்பரின் வாப்பா அதில் காயப்பட்டவர். மருமகன் கதையைச் சொன்னேன். "யூனிபோர்ம் போட்டவனும் சுட்டான், சாரம் கட்டினவனும் சுட்டான். நீங்க எந்த உடுப்பப் பத்திப் பேசுறீங்க?" என்றார். அதற்கு மேல் அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வட்டிலப்பம் அருமை.

ஜூன் 12, வியாழன்

அம்மாவின் ஊர் மகிழடித்தீவு. 1991இல் இதே நாள், மண்முனைத்துறைப் பக்கம் கண்ணிவெடியில் இரண்டு ஆமிக்காரர் இறந்தார்கள். அதற்குப் பழி தீர்க்க வந்தவர்கள் ஊருக்குள் புகுந்து கண்டவர்களைச் சுட்டார்கள். ஒரு நெல் மில்லுக்குள் ஒளித்திருந்த சனங்களையும் விடவில்லை. ஊர்க் கணக்கு 152 பேர். ஜனாதிபதி விசாரணைக்குழு உட்கார்ந்தது, 67 மரணங்களை ஏற்றது. பிறகு இராணுவ நீதிமன்றம். படையை அடக்கத் தவறியதற்கும், சடலங்களைச் சட்டவிரோதமாக அகற்றியதற்கும் ஒரு லெப்டினன்ட் குற்றவாளி. வேலை போனது. மற்றச் சிப்பாய்கள் எல்லாரும் விடுதலை.

அதற்கு ஒரு வருடம் முந்தி, 1990 ஜூன் 11. கொழும்பு சொன்னதால் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் இருந்தவர்கள் துவக்கைக் கீழே வைத்துப் புலிகளிடம் சரணடைந்தார்கள். 600 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். சொன்னதைக் கேட்டவர்கள் செத்தார்கள். அடுத்த வருடம் எங்கள் ஊரில் சுட்டவர்கள் நீதிமன்றத்தால் வெளியே வந்தார்கள். கட்டளை என்பது தப்ப வைக்காது என்று 1946இலேயே நியூரம்பேர்க்கில் சொல்லியாயிற்று. அந்தத் தீர்ப்பு மட்டக்களப்பு வாவியைக் கடந்து படுவான்கரைக்கு வரவேயில்லை.

பின்னேரம் நினைவிடத்தில் பூப் போட்டுவிட்டு, மச்சானோடு அவருடைய தோணியடிக்குப் போனேன். மகனைப் பற்றி அவர் இன்னும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தது என்னை அரித்துக்கொண்டிருந்தது. வலையில் சிக்கிய பாசியை விரலால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே பேசினார். பதினைந்து வயதில், 2001இல், "வீட்டுக்கு ஒருவர்" என்று புலிகள் வந்து கொண்டுபோனார்கள். 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து, ஏப்ரலில் வெருகலாற்றில் அடிபட்டபின் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். திரும்பவும் பிடிக்க வருவார்கள் என்ற பயத்தில்தான் அவசர அவசரமாக எங்கள் தங்கச்சியைக் கட்டி வைத்தது. இதுவரைக்கும் எனக்குத் தெரியும். தெரியாததை இன்றைக்குச் சொன்னார்.

"முதல் கொஞ்ச மாசம் ஒவ்வொரு இரவும் அழுதன். மறுகா பழகிற்று. ஒரு நாள் என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க, பிள்ள எடுக்க. அந்த வீட்டு வாசல்ல ஒரு தாய் வந்து காலப் பிடிச்சிற்றா. என்ட கால. துவக்கு வச்சிருந்ததால என்னைப் பெரிய ஆள் எண்டு நினைச்சிற்றா போல. எனக்கு அப்ப பதினாறு. நான் கால உதறினன் மச்சான். உதற வேணும் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல."

பாசி எடுப்பதை அவர் நிறுத்தவில்லை.

"இவன் போறதுக்கு நான் ஏன் ஒண்டும் சொல்லல்ல எண்டு நீங்க நினைப்பீங்க. என்னைக் கேக்காமக் கொண்டுபோனாங்க, இவன் கேட்டுப் போறான். அதுல எனக்குக் கோபமில்ல. உள்ள போனா பழகிரும். அதுதான்."

வாத்தியாரும் நானும் புறநானூற்றை வைத்து வாதாடியதில் இந்தப் "பழகிரும்" எங்கேயும் இல்லை. அறப்போர், மறப்போர் என்று பிரிக்கலாம், யார் தொடங்கினார்கள் என்று பார்க்கலாம். அதெல்லாம் அரசர்களுக்கும் தொலைக்காட்சிக்கும் உதவும். என்னுடைய மருமகன் விஷயத்தில் எனக்கு ஒரு கேள்விதான்: ஒரு வாசலில் அவன் காலை ஒருத்தி பிடித்தால், மாட்டேன் என்று மேலதிகாரியிடம் சொல்ல அவனுக்கு வாய் இருக்குமா? சொன்னால் அந்தப் படை அவனை என்ன செய்யும்? முதலாவதற்கு அவன் நல்ல பிள்ளை என்பது பதிலில்லை. மச்சானும் நல்ல பிள்ளைதான்.

ஜூன் 15, ஞாயிறு

கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன், மச்சான் சொன்னதை விட்டுவிட்டு. அதை அவரே சொல்வதானால் சொல்லட்டும். "நீ போறத நான் தடுக்கல்ல. நீ நல்லவன் எண்டு எழுதித் தரவும் ஏலும். ஆனா அந்தக் கடதாசியில, அந்த வேலைக்கு எண்டு, என்ட பேர் வேணாம்."

முகம் கறுக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. "பரவாயில்ல மாமா, வேற ஆள் பாத்திற்றன்" என்றான். நேற்றே பார்த்துவிட்டானாம். இவ்வளவு நாளும் நானும் வாத்தியாரும் கனடாக்காரனும் தொண்டை வறள வாதாடியதெல்லாம் பொடியனுக்கு ஒரு கையெழுத்துத் தாமதம், அவ்வளவுதான்.

தங்கச்சிக்கு என் மேல் கோபம், போட்டிருந்தாலும் கோபித்திருப்பாள். அம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மெலிஞ்சு போனாய் மனே, ஓடுறதெண்டா நல்லாத் தின்னு என்கிறா. அடுத்த மாதம் உடற்தகுதிப் பரீட்சை, அதற்காக விடியப்புறம் கல்லடிக் கடற்கரையில் ஓடுகிறான்.

நேர்முகத்துக்குப் போக பைக் வேண்டுமாம். கொடுத்தேன். கையெழுத்தை மறுத்தவன் பைக்கை ஏன் கொடுத்தாய் என்று வாத்தியார் கேட்கத்தான் போகிறார். பெட்ரோல் அவன் காசு.