இரு கரைகளின் சுல்தான்

புதுக்கோட்டையிலிருந்து மணமாகி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு வந்த புதிதில், என் கணவர் விடியற்காலை நான்கரை மணிக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதும் இருட்டிய பிறகே வீடு திரும்புவதும் எனக்குப் பெரும் திகைப்பாக இருந்தன. இந்த ஊருக்குப் பெயர் வைத்த சுல்தான் அபுபக்கரும் இரு கரைகளுக்கும் இடையே வாழ்ந்தவர்தான் என்பது பின்னரே தெரிந்தது.

1833இல் சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் பிறந்த அவர், தெமெங்கோங் என்ற மலாய் ஆட்சித் தலைவர் பட்டம் தாங்கிய தந்தை இப்ராகிம் மறைந்ததும் 1862இல் பொறுப்பேற்று, அக்கரையில் தந்தை நிறுவிய தஞ்சோங் புத்ரிக்கு 1866இல் ஜொகூர் பாரு எனப் பெயரிட்டார். 1868இல் மகாராஜா ஆனார்; 1885இல் பிரிட்டன் அவரைச் சுல்தானாக ஏற்றது.

கருவூலத்தை நிரப்பியவை சீனக் குடியேறிகள் ஆற்றங்கரைக் காடுகளைத் திருத்திப் பயிரிட்ட மிளகும் காம்பியரும். காம்பியர் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டு மக்சிக் (மூத்த பெண்களை அழைக்கும் மலாய்ச் சொல்) ஒரு நாள் வெற்றிலைத் தட்டைத் திறந்து, பழுப்புக் கட்டியொன்றைச் சுரண்டி, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையில் வைத்து மடித்துக் கொடுத்தார். மென்றதும் அப்பாயியின் காசுக்கட்டித் துவர்ப்பு நாக்கில் ஏறியது. நம்முடையது கருங்காலி மரத்திலிருந்து வருவது, இது ஒரு கொடியின் இலைச்சாறு. ஆனாலும் அன்றுதான் இந்த ஊர் எனக்குச் சற்றுப் பிடிபட்டது.

சுல்தானின் வாழ்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது லண்டன் வழக்கு. ஆல்பர்ட் பேக்கர் என்ற பெயரில் பழகி, மணப்பதாக வாக்களித்து ஏமாற்றினார் என்று ஓர் ஆங்கிலேயப் பெண் தொடுத்த வழக்கில், சுல்தான் சுதந்திர நாட்டின் அரசர் என்பதால் அவரை விசாரிக்க இயலாது என்று ஆங்கில நீதிமன்றம் 1894இல் தீர்ப்பளித்தது. அண்டை மலாய் அரசுகள் பலவற்றில் ஆலோசகர் என்ற பெயரில் ஆட்சியை நடத்திய பிரிட்டிஷ் ரெசிடென்ட்கள் அமர்ந்திருந்த காலத்தில், ஜொகூரின் தன்னுரிமைக்கு இதைவிட உறுதியான சான்று வேறெங்கும் கிடைத்திராது; அந்தப் பெண்ணுக்கோ நியாயமும் இல்லை, விசாரணையும் இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

1895 ஏப்ரலில், நாட்டை அந்நிய அரசு எதற்கும் ஒப்படைக்கக் கூடாது என்ற விதியுள்ள அரசியலமைப்பை வழங்கிய அவர், ஜூன் 4 அன்று லண்டனில் காலமானார். பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஜொகூர் ஏற்றது, மகன் இப்ராகிமின் காலத்தில், 1914இல்தான்.

கப்பலில் கொண்டுவரப்பட்ட அபுபக்கரின் உடல் மஹ்மூதியா அரச அடக்கத்தலத்தில் உள்ளது. அவ்வழியே காரில் செல்லும்போது மக்சிக் பேச்சை நிறுத்தி குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஃபாத்திஹா ஓதுவார். அவர் முடிக்கும்வரை நானும் வாய் திறப்பதில்லை.