டார்வின் படுத்திருக்கும் ஆலயம்

லண்டனைப் பார்க்க வந்திருந்த சித்தியை வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குக் கூட்டிப் போயிருந்தேன். நடையில் பதித்திருந்த ஒரு வெள்ளைக் கல்லை மிதிக்காமல் ஒதுங்கி, குனிந்து பெயரை வாசித்தவர் சட்டென நிமிர்ந்தார். “ஏ, இது அந்தக் குரங்குக் கதை சொன்ன ஆளுல்ல? இவரைக் கொண்டுவந்து கோயிலுக்குள்ளயா வச்சிருக்காங்க!”

கல்லில் சார்லஸ் ராபர்ட் டார்வின் என்ற பெயரும், 1809 பிப்ரவரி 12 பிறப்பு, 1882 ஏப்ரல் 19 இறப்பு என்ற தேதிகளும் மட்டும் இருந்தன. பக்கத்திலேயே நியூட்டன். இருவருக்கும் இடையில், கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் அஸ்தி. அதை வைத்தது 2018இல். சித்தி கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார். எனக்குக் கால் நகரவில்லை.

வீட்டுக்கு வந்து தேடியபோது இன்னொன்று தெரிந்தது. ஜேம்ஸ் அஷர் என்ற பேராயரையும் அதே ஆலயத்தில்தான் 1656இல் அடக்கம் செய்திருக்கிறார்கள். உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று கணக்குப் போட்டவர் அவர். ‘உலகத்துக்கு ஆறாயிரம் வயசு’ என்று ஓய்வுநாள் பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்தார்களே, அந்தக் கணக்கில் மிகவும் பெயர்பெற்றது இவருடையது. வேதாகமத்தின் வம்ச வரலாறுகளையும் ராஜாக்களின் ஆண்டுகளையும் பழைய சரித்திரங்களோடு ஒட்டிப் பார்த்து, படித்த மனிதர் ஒருவர் சிரத்தையோடு போட்ட கணக்கு. படைப்பைச் சொல்லும் ஆதியாகமத்தில் அந்த எண் எங்கேயும் இல்லை. பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்று பாறைகள் சொல்கின்றன. நாங்களோ, ஒரு பேராயரின் கூட்டல் கழித்தலைத் தேவவார்த்தை என்று நினைத்து, அதற்காகப் பள்ளிக்கூடப் புத்தகத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கல்லூரியில் விலங்கியல் எடுத்த சார் எங்கள் சபை மூப்பர்களில் ஒருவர். பரிணாமப் பாடத்தை அருமையாக நடத்துவார். திமிங்கிலத்தின் உடலுக்குள் புதைந்திருக்கும் பின்னங்கால் எலும்பின் மிச்சத்தைக் கரும்பலகையில் அவர் வரைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மணி அடித்ததும் சாக்பீஸை வைத்துவிட்டு, “பரீட்சைக்கு எழுதுங்க, மனசுல வச்சிக்காதீங்க” என்பார். எங்கள் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வரி, மூளைக்கு ஒரு கதவும் விசுவாசத்துக்கு ஒரு கதவும் வைத்து நடுவில் சுவர் எழுப்பிவிட்டது.

அந்தச் சுவர் இங்கே வந்த பிறகுதான் இடிந்தது. மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரிப் பிரிவில் வேலை. நோயாளியிடமிருந்து வந்த கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சின்ன வட்டக் காகிதங்களை அதன்மேல் வைத்து ஓர் இரவு விட்டுவிடுவோம். மருந்து வேலை செய்தால் காகிதத்தைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழும். சில நாள் அந்த வளையத்துக்குள்ளேயே இரண்டு மூன்று புள்ளிகள் முளைத்திருக்கும். மருந்துக்குத் தப்பியவை அவை. இனி அவற்றின் சந்ததிதான் பெருகும். பரிணாமம்தான் அது, கண்முன்னால். கூட வேலை பார்ப்பவர் ஒருநாள் அந்தப் புள்ளிகளைக் காட்டி, “தினமும் இதைப் பார்க்கிறாய், ஞாயிற்றுக்கிழமை எப்படி சர்ச்சுக்குப் போகிறாய்?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் ரொம்ப நாள் உறுத்தியது.

கேள்வியைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருக்கோடி ஆங்கிலிக்கன் சபையின் வேதபாட வகுப்புக்குப் போனேன். முதல் நாளே அங்கே ஒரு பாட்டி, “நாலாம் நாள்தான் சூரியன் வருகிறது, அப்படியானால் முதல் மூன்று நாளை எதை வைத்து எண்ணுவது?” என்று போதகரிடம் நேராகவே கேட்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை. நல்ல கேள்வி, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஆதித் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகஸ்தீனையும் இதே கேள்விதான் வாட்டியது என்றார் போதகர். வானத்தைப் பற்றியும் பூமியைப் பற்றியும் தெரியாததை வேதத்தின் பெயரால் பேசி விசுவாசத்தைக் கேலிப்பொருளாக்காதீர்கள் என்று எச்சரித்தவர் அகஸ்தீன். டார்வினுக்கு முன்னால், கலிலியோவுக்கும் முன்னால்! பரிணாமத்தை ஏற்றுப் பேசிய ஃபிரெடரிக் டெம்பிள் 1896இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆயரான கேன்டர்பரி பேராயராகவே ஆனார் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். சபைக்குள் உட்கார்ந்து, கையில் வேதாகமத்தோடு, பயப்படாமல் கேள்வி கேட்கலாம் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். இந்த நாடு எனக்குத் தந்ததில் இதற்கு ஈடு வேறில்லை.

சரி, இங்கே ஊன்றிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் வகுப்பு முடிந்து ஜெபிக்கும்போது, ஆளுக்கு ஒரு வாக்கியம், ஆமென், அவ்வளவுதான். ஊரில் ஜெபக்கூட்டத்தில் ஒருவர் ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு மாடு வரைக்கும் பெயர் சொல்லி ஜெபிப்பார்களே, மனசு அங்கே ஓடிவிடும். சங்கீதமும் ஆங்கிலத்தில் உள்ளே இறங்குவதில்லை. அம்மாச்சி விடியற்காலையில் ராகம்போட்டு வாசித்ததுதான் காதில் கேட்கிறது. “கர்த்தரின் செய்கைகள் பெரியவைகளும், அவைகளில் பிரியப்படுகிற எல்லாராலும் ஆராயப்படுகிறவைகளுமாயிருக்கிறது.” அம்மாச்சியிடம் கற்ற இந்த 111ஆம் சங்கீத வசனத்தை, 1874இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தைக் கட்டியபோது வாசற்கதவில் லத்தீனில் செதுக்கினார்கள். 1897இல் எலக்ட்ரானைக் கண்டறிந்த தாம்சன் நடத்திய ஆய்வகம் அது. அதைப் படித்த அன்று அம்மாச்சி இல்லையே என்று அழுதுவிட்டேன்.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அண்ணன் சனிக்கிழமைதோறும் கூப்பிடுவான். போன வாரம், அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தான். “பாவத்தினாலே மரணம் வந்துச்சுன்னு பவுல் எழுதுறார். நீ சொல்ற கணக்குப்படி மனுஷனுக்கு முன்னாடியே கோடிக்கணக்கான வருஷமா எல்லாம் செத்துக்கிட்டுல்ல இருக்கு?” பூமியின் வயதைவிட இதுதான் கனமான கேள்வி. டைனோசர் எலும்பிலேயே புற்றுநோயின் தடத்தைக் கண்டிருக்கிறார்கள். பவுல் சொல்வது மனிதர் தேவனை விட்டுப் பிரியும் ஆவிக்குரிய மரணத்தை என்று பலர் விளக்குகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் மனம் நிறைகிறது. வலியும் சாவும் எதற்கு என்ற மீதிப் பாதி, ஆய்வகத்தில் ஒவ்வொரு மாதிரிக் குப்பியிலும் ஒரு நோயாளியின் பெயரோடு வந்து நிற்கிறது. அதே பவுல் எட்டாம் அதிகாரத்தில் சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்கிறாரே, அதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், “அப்போ ஐந்தையும் எட்டையும் சேர்த்து வாசிச்சிட்டு வா, சனிக்கிழமை பேசுவோம்” என்றான்.